குழிக்குள் ராகியும் சிலேட்டில் கணக்கும்

அந்த வாத்தியார் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு வந்தபோது சண்டை நடந்துகொண்டிருந்தது. சண்டை எங்கேயோ கடலுக்கு அப்பால். ஆனால் அதன் பேரைச் சொல்லி வீடு வீடாகத் தானியம் எடுக்க ஆபீசர்கள் வரப்போகிறார்கள் என்ற பேச்சு பக்கத்து ஊரான இண்டூர் வரைக்கும் வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துப் புதிதாக வந்த ஓர் ஆள் பிள்ளைகளிடம், "உங்க வீட்டுல ஒரு நாளைக்கு எத்தனை படி ராகி செலவாகுது?" என்று கேட்டால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

அவர் நல்ல மனுஷர்தான். இப்போது சொல்வது சுலபம். அன்றைக்கு அவர் பேச்சே எங்களுக்கு வேறாக இருந்தது. தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், சின்ன வயசு, களி தொண்டையில் இறங்கவில்லை என்பார். களி திங்காத ஆளை எங்கள் ஊர் எப்படி நம்பும்?

அவருக்கு முன்பு கணக்கென்றால் வாய்ப்பாட்டை ராகம் போட்டுக் கத்துவதுதான். பதினாறாம் வாய்ப்பாடு எனக்குத் தலைகீழ்ப் பாடம். எட்டு ஆட்டுக்கு எத்தனை கால் என்று கேட்டால் முழிப்பேன். இவர் ஒரு கூடை ராகியையும் ஒரு படியையும் நடுவில் வைத்தார். "ஒன்று" என்று அளக்க ஆரம்பித்ததும் வகுப்பே சிரித்தது. எங்கள் பக்கம் முதல் படியை "லாபம்" என்றுதான் சொல்வோம்; ரெண்டு, மூணு எல்லாம் அதற்கு அப்புறம். அவர் படியைத் திரும்பக் கொட்டிவிட்டு, "லாபம்" என்று மறுபடி ஆரம்பித்தார். அன்றைக்கே எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

பிறகு கயிற்றில் முழத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டுக் கிணற்றின் ஆழம் பார்க்கச் சொல்லிக் கொடுத்தார். எனக்கு அது பைத்தியமாகவே பிடித்துக்கொண்டது. எங்கள் பக்கம் ராகியை மண்ணுக்குள் குழி வெட்டிக் கொட்டி, மேலே கல்லைப் போட்டு மெழுகிவிடுவார்கள். குழி எங்கே இருக்கிறது என்று வெளியாளுக்குச் சொல்வதில்லை. அன்றைக்கு அப்பா குழியைத் திறந்து காற்றாட விட்டிருந்தார். குழி எட்டு முழம் என்று அவர் சொல்லிக் கேட்டிருந்தேன்; கயிற்றை விட்டுப் பார்த்தேன், ரெண்டு முழத்திலேயே ராகி தட்டியது. மறுநாள் வகுப்பில் எழுந்து நின்று, "எங்கூட்டுக் குழியில ஆறு முழ ஒசரத்துக்கு ராகி இருக்குதுங்க சார்" என்றேன்.

அவருக்கு ஒரே சந்தோஷம். முழத்துக்கு ஐம்பது வள்ளம் பிடிக்கும் என்று வைத்து, முந்நூறு வள்ளம் என்று கரும்பலகையில் தம் கையாலேயே பெரிதாக எழுதினார். வள்ளத்துக்கு நாலு படி. எங்கள் வீட்டில் நாளைக்கு நாலு படி. அப்படியானால் முந்நூறு நாள் சாப்பாடு. வகுப்பே கைதட்டியது.

சாயங்காலத்துக்குள் அது அப்பா காதுக்குப் போய்விட்டது.

"என்ன புள்ள, ஊருக்கே தண்டோரா போட்டுட்டு வந்தியா?"

"கணக்குப்பா."

"கணக்கா? அது நம்ம வவுறு! நாளையிலருந்து பள்ளிக்கூடம் வேணாம், ஆட்டை ஓட்டிக்கிட்டுப் போ."

நான் அழுத அழுகையில் பக்கத்து வீட்டுப் பெரியப்பா வந்தார். "நிறுத்திப்புடாதப்பா. இன்னிக்கி சொன்ன புள்ள நாளைக்கி வரலைன்னா அந்த வாத்திக்குச் சந்தேகம் வராதா? போயி மாத்திச் சொல்லட்டும்."

"எவ்வளவுன்னு மாத்தறது? பத்து வள்ளம்னு சொல்லிரு" என்றார் அப்பா.

"பத்து வள்ளம் பத்தே நாளுலே தீந்துருமே. நம்புவாராப்பா?"

"அப்ப இருவது."

அம்மா அடுப்பங்கரையிலிருந்து, "நாளைக்கு நாலு படி எதுக்குன்னு கேட்டா? வீட்டுல எத்தனை ஆளுன்னும் சேத்துச் சொல்லச் சொல்லுங்க" என்றாள்.

எங்கள் வீட்டில் அதற்கு முன்பு எல்லாரும் உட்கார்ந்து கணக்குப் போட்டதே இல்லை. ஒரு பொய் நாலு மூலையிலும் பொருந்த வேண்டுமென்றால் எவ்வளவு பெருக்க வேண்டியிருக்கிறது! அப்பா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "இதெல்லாம் அவனா சொல்லிக் குடுத்தான்?"

மறுநாள், "கயிறு தப்புங்க சார், இருவது வள்ளந்தாங்க" என்றேன். மற்றப் பிள்ளைகளுக்கும் வீட்டில் சொல்லி அனுப்பியிருந்தார்கள் போல. ஒன்பது பேர் உள்ள வீட்டில் நாளைக்கு அரைப்படி என்றான் ஒருவன். "அப்படின்னா உங்க வீட்டுல எல்லாரும் பொங்கலுக்கு முன்னாடியே போய்ச் சேர்ந்திருக்கணுமேடா" என்றார் வாத்தியார். நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

அந்த வாரமே ஆபீசர் வந்தார். நேராகப் பள்ளிக்கூடத்துக்குத்தான் வந்தார். பின்னாலேயே அப்பாவும் பெரியப்பாவும் வந்து வாசற்படியில் நின்றார்கள்.

"பிள்ளைகளை வச்சுத் தானியக் கணக்கு எடுக்கிறீராமே?"

"பாடம் சார், அவ்வளவுதான்" என்றார் வாத்தியார்.

ஆபீசர் என்னைக் கைகாட்டினார். "உங்க வீட்டுல எவ்வளவும்மா?"

"இருவது வள்ளங்க."

"எத்தனை நாளைக்கு வரும்?"

"இருவது நாளைக்குங்க."

"அதுக்கப்புறம்?"

இதை வீட்டில் யாரும் சொல்லித் தரவில்லை. அப்பா தோள்துண்டை முறுக்கிக்கொண்டிருந்தார்.

"களிய ஒரு வேளையாக்கிட்டா நாப்பது நாளு வருங்க. அப்புறம் ஆட்டுக்குட்டியைக் குடுத்து வத்தல்மலைக்காரங்ககிட்ட சாமை மாத்துவோங்க. குட்டிக்கு அஞ்சு வள்ளம்னா, ஒரு வேளைக்கு அது ஒரு பத்து நாளுங்க."

ஆபீசர் வாத்தியாரைப் பார்த்தார். முந்நூறு என்று எழுதிய அந்தக் கையையே நானும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கணக்கு சரிதான் சார்" என்றார் அவர்.

ஆபீசர் எங்கள் வீட்டுக்கு வந்து பானைகளை எட்டிப் பார்த்தார். குழியை மூடி மெழுகிவிட்டு அப்பா வெளியே எடுத்து வைத்திருந்த இருபது வள்ளம் இருந்தது. போய்விட்டார்.

அப்பாவுக்கு மனசு ஆறவில்லை. "எதுக்கு அவன் காட்டிக் குடுக்கல? இன்னிக்கி நமக்காக வாயை மூடுனவன் நாளைக்கு எதுக்குத் தொறப்பானோ!" பள்ளிக்கூடத்தை நிறுத்துவார் என்று பயந்தேன். நிறுத்தவில்லை. கூடவே வந்து, ஜன்னலுக்கு வெளியே கயிறு திரித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

வாத்தியார் அன்றைக்கு, "பன்னிரண்டு மூட்டை ராகியோட ஒரு வண்டி பாலக்கோட்டுக்குப் போகுது" என்று ஆரம்பித்தார்.

"அது யாரு வண்டிங்க?" என்றது ஜன்னல்.

"யாரு வண்டியும் இல்லீங்க. கணக்குக்காகச் சொல்றது."

"யாரு வண்டியும் இல்லாம ராகி எப்படிங்க ஏறும்?"

வாத்தியார் ஜன்னல் பக்கம் திரும்பினார். "என் வண்டின்னு வச்சுக்கோங்க."

அப்பா கயிற்றைக் கீழே வைத்தார். பிறகு, "ஏரி மேட்டுல ஒத்தை வண்டி பன்னெண்டு மூட்டையோட ஏறாதுங்க. மூணை எறக்கிப்புட்டுப் போட்டுப் பாருங்க" என்றார்.

நாங்கள் சிலேட்டைத் துடைத்துவிட்டு மறுபடி போட்டோம்.