மூடாத வட்டம்

என் அக்காவுக்கு இந்தப் பக்கத்தில் வட்டக்கா என்றுதான் பெயர். உடம்பைப் பார்த்து வைத்த பெயரோ என்று புதிதாக வருகிறவர்கள் நினைப்பார்கள். அவளோ ஊதினால் பறந்துவிடுகிற ஒல்லி. வாசலில் நிழல் வேண்டும் என்று கேட்கிற வீடுகளுக்கு நகராட்சி இலவசமாக மரம் நட்டுக் கொடுக்கிறது. எந்த இடத்தில் குழி தோண்டலாம் என்று நடைபாதை ஓரத்தில் சுண்ணாம்பால் வட்டம் போடுவது அக்காவின் வேலை. அந்த வட்டத்துக்குள் கடப்பாரையை இறக்குகிறவர் அவள் புருஷன், என் மாமா. கன்றுகளைச் சின்ன லாரியில் ஏற்றிக்கொண்டு வருவது நான். குடும்பமே மண்ணைத் தின்று பிழைக்கிறது என்று எங்கள் அம்மா அலுத்துக்கொள்வாள்.

வட்டம் போடுவதெல்லாம் ஒரு வேலையா என்று யாராவது கேட்டால் எனக்குக் கெட்ட கோபம் வரும். எங்கள் தெருக்களில் மின்சாரக் கம்பி மண்ணுக்கடியில் போகிறது. மின்சார அலுவலகத்து ஆள் கருவியோடு முன்னால் நடந்து, கம்பி போகிற வழியைச் சிவப்புச் சாயத்தில் கோடு இழுத்துவிட்டுப் போவார். அந்தக் கோட்டைவிட்டு நன்றாகத் தள்ளித்தான் அக்கா வட்டம் போடுவாள். கடப்பாரை முழுக்க இரும்பு. கம்பியில் மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். தப்பான இடத்தில் ஒரு குத்து விழுந்தால் போதும், ஆள் காலி.

மாடிப்படியில் விழுந்ததிலிருந்து அக்காவின் வலது தோள் சரியாகத் திரும்பாது. குனிந்து கையைச் சுற்றும்போது கடைசியில் பிடித்துக்கொள்ளும். அதனால் அவள் வட்டம் ஒருநாளும் மூடியதில்லை. ஒரு சாண் அளவுக்கு வாயைத் திறந்துகொண்டு கிடக்கும். மறுபக்கம் போய் நின்று மூடலாமே என்று நானே சொல்லியிருக்கிறேன்.

"ஏன், ஓவியப் போட்டிக்கா அனுப்பப் போறேன்? போடி வேலையப் பாத்துக்கிட்டு" என்பாள்.

அன்றைக்குக் கன்று நடப் போன தெரு நீளமானது, நடுவில் லேசாக வளையும். முந்தின நாளே அக்கா அங்கே வட்டங்களைப் போட்டு முடித்திருந்தாள். அன்று ராத்திரி சாப்பிடும்போது அக்காவுக்கும் மாமாவுக்கும் சண்டை. மாமாவுக்குக் காது மந்தம். அதனால் அக்கறையாகச் சொல்வதையும் கத்தித்தான் சொல்வார்.

"தோள் வலிக்குது வலிக்குதுன்னு உக்காந்து அழற. ஒரு வட்டம் உருப்படியா வருதா உனக்கு? வேலைய வேற யாருக்காச்சும் குடுத்துட்டு வீட்ல கெட!"

பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. அக்காவுக்கு மானம் போய்விட்டது. "வீட்ல கெடந்து உங்க மூஞ்சியப் பாத்துட்டு இருக்கவா?" என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனாள். அதோடு இரண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை இல்லை.

வழக்கமாக மாமா ஒவ்வொரு குழியிலும் முதல் குத்துப் போடும்போது அக்கா பக்கத்தில் நிற்பாள். அவள் நிற்கிற தைரியத்தில்தான் அவர் காது மெஷினைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வார். இரும்புச் சத்தம் மண்டைக்குள் இடிக்கிறதாம். அன்றைக்கோ மனிதர் வீம்புக்குத் தெருவின் அந்தக் கோடிக்குப் போய்த் தன்னந்தனியாக ஆரம்பித்துவிட்டார். இவளும் வீம்புக்கு இந்தக் கோடியிலேயே நின்று எனக்குக் கன்று எடுத்துக் கொடுத்தாள். நான் கன்றுகளை இறக்கி வண்டிக்கு முன்னால் வரிசையாக வைத்துக்கொண்டிருந்தேன். இவர்கள் சண்டையில் நான் தலையிடுவதில்லை. தலையிட்டால் இரண்டு பேரும் சேர்ந்துகொண்டு என்னைத் திட்டுவார்கள்.

அப்போது அந்தக் கோடியில் இருக்கிற பச்சை கேட்டு வீட்டு அம்மா, கடைக்குப் போகிற வழியில், சிரித்துக்கொண்டே வந்து நின்றார்.

"நீங்க போட்ட வட்டத்த எங்க வீட்டுக்காரர் கொஞ்சம் தள்ளிப் போட்டுட்டாருங்க. புதுக் கார் வாங்கியிருக்கோம், திருப்ப எடம் பத்தாதுன்னாரு. மரம் எங்க நின்னாலும் மரம்தானே?"

அக்காவின் முகம் மாறியது. "எந்தப் பக்கம் தள்ளுனாரு?"

"வெளக்குக் கம்பம் பக்கம்தான்."

"அங்க செவப்புக் கோடு இருந்துச்சே?"

"அது என்னமோ அசிங்கமா இருக்குன்னு காலைல தண்ணி அடிச்சுத் தேச்சு விட்டுட்டாரு."

அக்கா கையிலிருந்த கன்று கீழே விழுந்தது. அடுத்த நொடி அவள் ஓடிக்கொண்டிருந்தாள்.

நான் மாமாவுக்குப் போன் அடித்தேன். மணி என் வண்டிக்குள்ளிருந்தே கேட்டது. பாவி மனிதர் போனை இருக்கையிலேயே போட்டுவிட்டுப் போயிருக்கிறார். வண்டியை எடுக்கலாம் என்றால் முன்னால் நானே அடுக்கிய கன்றுகள். ஹாரனைக் கையெடுக்காமல் அழுத்தினேன். தெருவே எட்டிப் பார்த்தது. யாருக்குக் கேட்க வேண்டுமோ அவருக்கு மட்டும் கேட்காது. இறங்கி நானும் ஓடினேன்.

தெரு வளைகிற இடத்தைத் தாண்டியதும், நிறுத்தியிருந்த கார்களுக்கு மேலே கடப்பாரையின் நுனி தெரிந்தது. மேலே வந்தது, கீழே இறங்கியது. பச்சை கேட்டுக்கு முந்தின வீட்டுக் குழி. மறுபடி மேலே வந்தது. அக்கா செருப்பை உதறிவிட்டுத் தாரில் வெறுங்காலோடு ஓடினாள். "நிறுத்துங்க! தொடாதீங்க!" என்று கத்தினாள். கடப்பாரை இறங்கியது. கொஞ்ச நேரத்தில் அதன் நுனி நகர்ந்து அடுத்த வீட்டுப் பக்கம் போனது. பச்சை கேட்டுக்கு நேராக மேலே எழும்பியது. சட்டென்று கீழே போனது.

அப்புறம் வரவே இல்லை.

அக்கா ஓட்டத்தை நிறுத்தவில்லை. அவள் தொண்டையிலிருந்து வந்ததை அழுகை என்றும் சொல்ல முடியாது. கடவுளே, கடவுளே என்று அதையேதான் சொல்லிக்கொண்டு ஓடினேன்.

கார்களைச் சுற்றிக்கொண்டு போனால், கடப்பாரை தரையில் கிடந்தது. மாமா இடுப்பில் கைவைத்துக்கொண்டு வட்டத்தையே பார்த்தபடி நின்றிருந்தார். அக்கா போன வேகத்தில் அவர் நெஞ்சில் இரண்டு கையாலும் குத்தினாள். குத்திக்கொண்டே அழுதாள். அவர் திகைத்துப் போய், தடவித் தடவி மெஷினை எடுத்துக் காதில் மாட்டினார்.

"என்னடி ஆச்சு? யாருக்கு என்ன?"

"கம்பி மாமா! அடியில கம்பி!" என்றேன் நான்.

மாமா ஓரடி பின்னால் போனார். முகம் வெளிறிவிட்டது.

"ஓங்கிட்டேன்" என்றார். "அப்பதான் பாத்தேன். இவ்ளோ உருண்டையா, வாய மூடிக்கிட்டு இருக்கு. இது உன் கை இல்லயே. கீழ போட்டுட்டேன். உன்ன வந்து கேக்கலாம்னா, பேசாம வேற இருக்கோம். எப்படிக் கூப்புடறதுன்னு நின்னுட்டிருந்தேன்."

பச்சை கேட்டுக்காரர் கார் சாவியோடு வெளியே வந்தார். பெயின்ட் வாளியைக் கவிழ்த்து வைத்து, அதைச் சுற்றிச் சாக்பீஸால் வரைந்தாராம். நான் வாயில் வந்ததையெல்லாம் கேட்டேன். "ரெண்டடிதானேங்க..." என்று ஆரம்பித்தவர், அடியில் என்ன போகிறது என்று தெரிந்ததும் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு எனக்கும் திட்ட மனம் வரவில்லை.

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அந்த வட்டத்தை அவரையே அழிக்கச் சொன்னாள். பழைய இடத்தில் குனிந்து தன் வட்டத்தைப் போட்டாள். ஓடி வந்த களைப்பில் அன்றைக்கு வாய் இன்னும் பெரிதாக இருந்தது. மாமா அதை ஒருதரம் பார்த்தார், அவளை ஒருதரம் பார்த்தார், கடப்பாரையை எடுத்தார். அவள் பக்கத்திலேயே நின்றாள்.

அந்த மரத்தடியில்தான் இப்போது அந்தக் கார் நிற்கிறது. மாமா பிடிவாதமாக அக்காவை வைத்தியத்துக்கு இழுத்துப் போய், அவள் தோளும் சரியாகிவிட்டது. துணி உலர்த்துகிறாள், பரண்மேல் இருக்கிற அண்டாவை ஒற்றைக் கையால் இறக்குகிறாள். வட்டத்தை மட்டும் மூடுவதில்லை. ஒரு சாண் இருக்கும்போது கையை எடுத்துவிடுவாள்.

புதிதாக வந்த மேற்பார்வையாளர் அதைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இவ்ளோ தூரம் போட்டுட்டீங்க, முழுசா போட்டுட வேண்டியதுதானே?" என்று கேட்டார்.

அக்கா கடப்பாரையோடு நிற்கிற மாமாவைக் கண்ணால் காட்டினாள்.

"மூடிட்டா இவரு தோண்ட மாட்டாருங்க."