புளி போட்டு மினுக்கிய பெல்ட் பக்கிள்

மனைவி இறந்த பிறகுதான் எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது: பழைய அமெரிக்க இராணுவ பெல்ட் பக்கிள்களைச் சேர்ப்பது. புலம்பெயர்ந்து வந்த வெக்ஸ்போர்ட்டில் ஓர் அறை வீட்டில் தனியே இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பழஞ்சாமான் சந்தைக்குப் போனால் யாருடனாவது கொஞ்ச நேரம் கதைக்கலாம். அதற்கு ஒரு சாட்டு வேண்டுமே. முதல் பக்கிளை அப்படித்தான் வாங்கினேன்.

எங்கள் ஆட்களுக்கு இது பிடிக்காது. மேல்மாடியில் இருக்கும் அண்ணை ஒருநாள் வந்து எட்டிப் பார்த்தார்.

"ஆமிக்காரன்ர சாமானை ஏன் வீட்டுக்குள்ள வச்சிருக்கிறீர்? ஊரில ஆமிக்குப் பயந்துதானே இஞ்ச ஓடி வந்தனாங்கள்?"

நியாயமான கேள்விதான். "உது வேற ஆமி, அண்ணை" என்று சமாளித்தேன். பிறகு அவர் வரவேயில்லை.

இருப்பவற்றில் முட்டை வடிவான பித்தளைப் பக்கிள் ஒன்றின் மேல்தான் எனக்கு உயிர். அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்தது. முன்னால் யு.எஸ். என்ற எழுத்துகள், பின்னால் ஈயம். கறுத்துப் பழுப்பேறிக் கிடக்கும். அந்தக் கறைதான் அதன் வயது. சேர்ப்பவர்கள் யாரும் அதைத் தேய்க்க மாட்டார்கள். தேய்த்தால் அது வெறும் பித்தளை.

போன மாதம் மகள் விட்பியிலிருந்து வந்தாள். வேலை, பிள்ளைகள், நெடுஞ்சாலை நெரிசல் என்று அவள் வருவதே அத்தி பூத்தாற்போல. நான் கீழே போய் உடுப்புத் தோய்த்துவிட்டு வந்தபோது குசினியில் புளி மணந்தது. சிங்குக்குப் பக்கத்தில், பழந்துணியின் மேல், அந்தப் பக்கிள் குத்துவிளக்கு மாதிரி மினுங்கியது.

"அப்பா, சர்ப்ரைஸ்! அம்மா விளக்கு மினுக்கிற மாதிரியே புளி போட்டு உரஞ்சினனான். இற் வாஸ் ஸோ டேர்ட்டி. இப்ப பாருங்கோ, லைக் நியூ!"

பக்கிளை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். ஒரு பொட்டுக் கறைகூட மிஞ்சவில்லை. அவளுடைய விரல் நுனிகள் ஊறிச் சுருங்கியிருந்தன. நகங்களுக்குள் கறுப்பு. இந்த வீட்டில் எனக்காக ஒருவர் எதையாவது செய்து எவ்வளவு காலமாகிவிட்டது!

"ஓம், நல்லா மினுங்குது" என்றேன்.

அவள் முகம் மலர்ந்தது. தேத்தண்ணி குடித்துவிட்டு, காலில் சப்பாத்தைப் போட்டபடியே அலுமாரியைப் பார்த்தாள். மற்றப் பக்கிள்கள் எல்லாம் கறையோடு அங்கே கிடந்தன.

"அடுத்தமுறை வந்து மிச்சத்தையும் மினுக்கித் தாறன், அப்பா."

வேண்டாம் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது.

"எப்ப வருவாய், பிள்ளை?" என்று கேட்டேன்.