வழி தப்பிய வெளிச்சம்

விளக்குகளை அளந்து சான்றிதழ் கொடுக்கிற அந்தப் பரிசோதனைக் கூடத்தில் எல்லோரும் அவரை இருட்டறை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். கறுப்புச் சுவர், கறுப்புத் திரை, கறுப்புத் துணி விரித்த மேசை. இருபத்திரண்டு வருடப் பகல்கள் அதற்குள் கழிந்திருந்தன. வெளியே மழையா வெயிலா என்பதை, உள்ளே வருகிறவர்களின் செருப்பைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்.

வெளிச்சத்தை வானவில் போலப் பிரித்து, எந்த நிறம் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லும் கருவி அவருடையது. பழைய கருவி ஒரு விளக்கை அளக்க ஒரு மணி நேரம் எடுக்கும். போன வருடம் அதை ஓரங்கட்டிவிட்டு, உள்ளங்கை அகலத்தில் ஒரு பெட்டி வாங்கினார்கள். ஒரே நொடியில் வேலை முடிந்தது. மேலாளருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

பெட்டி வந்த முதல் நாளே அக்கா ஒரு சோதனை செய்து பார்த்தார். அளவு தெரிந்த ஹாலஜன் விளக்கின் முன்னால், புற ஊதாக் கதிரை மட்டும் தடுக்கும் கண்ணாடியை வைத்தார். இனி புற ஊதாப் பகுதியில் பூஜ்யம்தான் காட்ட வேண்டும். காட்டவில்லை. மூன்றில் ஒரு பங்கு அப்படியே நின்றது. அந்த விளக்கின் ஏராளமான மஞ்சளும் சிவப்பும் பெட்டிக்குள் சிதறி, வழி தப்பி, புற ஊதாவின் இடத்தில் போய் விழுந்துகொண்டிருந்தன.

"சார், இதத் திருத்தாம சான்றிதழ் குடுக்கக் கூடாது."

"அடுத்த வாரம் பாக்கலாம்மா. ஆஸ்பத்திரி விளக்கெல்லாம் வரிசையா காத்துக்கிட்டு இருக்கு."

அந்த மாதம்தான் அக்காவின் கணவருக்கு முதுகில் அறுவை சிகிச்சை. காலையில் அவரைத் தூக்கி உட்கார வைத்து, துடைத்து, கஞ்சி கொடுத்துவிட்டு ஓடிவர வேண்டும். எதிர்த்துப் பேசத் தெம்பில்லை. அடுத்த வாரம் வந்தது, போனது. அக்கா கையெழுத்துப் போட்டுக்கொண்டே இருந்தார்.

எட்டு மாதம் கழித்து ஒரு ஆஸ்பத்திரியின் தோல் பிரிவு நர்ஸ் போன் செய்தாள். புற ஊதா ஒளியில் நோயாளிகளை நிற்க வைத்துச் சிகிச்சை தருகிற பிரிவு அது.

"உங்க சான்றிதழ்ல விளக்கு பலம் கொறஞ்சிருக்குன்னு இருந்துச்சு. அதனால ரெண்டு நிமிஷத்த மூணு நிமிஷமாக்கினோம். இப்ப நாலு பேருக்குத் தோல் வெந்துபோயிருக்கு. டாக்டர் என்னைத்தான் கேக்கறாரு."

அக்காவுக்கு அந்த முதல் நாள் சோதனை நினைவுக்கு வந்தது. எடைக்கல்லே கனமாக இருந்தால் தராசில் சாமான் குறைவாகத்தான் தெரியும். இவ்வளவுதான் புற ஊதா என்று ஹாலஜன் விளக்கை வைத்து அளவு பழக்கியபோதே, பெட்டி சிதறலையும் புற ஊதாவாகச் சேர்த்து விழுங்கிவிட்டது. ஆஸ்பத்திரி விளக்கில் சிதறுவதற்கு அந்த மஞ்சளும் சிவப்பும் இல்லை. அதனால் நிஜமான புற ஊதாவைக் குறைத்துச் சொன்னது. மூன்று பங்கு வந்தால் இரண்டு என்றது.

"தப்பு உங்க மேல இல்ல. எங்க மேல. எழுதியே தர்றேன்," என்றார்.

மேலாளரின் அறைக்குப் போய் விஷயத்தைச் சொன்னார். அவர் நெற்றியைத் தேய்த்தார்.

"அன்னைக்கே சொன்னீங்க."

"சொன்னேன். அப்புறம் கையெழுத்தும் போட்டேனே சார்."

ஒன்பது ஆஸ்பத்திரிகளுக்குக் கடிதம் போயிற்று. பழைய சான்றிதழ் எதுவும் செல்லாது என்று.

திருத்துவதற்கு ஒரே வழிதான் இருந்தது. நிறத்தை வேண்டியபடி மாற்றக்கூடிய லேசரை ஒரு கல்லூரியிலிருந்து பத்து நாளுக்கு இரவல் வாங்கினார்கள். ஒரு சமயத்தில் ஒரே ஒரு நிறத்தைப் பெட்டிக்குள் அனுப்ப வேண்டும். அது தன் இடத்தைத் தவிர வேறு எங்கெல்லாம் சிதறுகிறது என்று பதிய வேண்டும். பிறகு அடுத்த நிறம். நூற்றுப் பத்து நிறங்கள். நடுவில் ஒன்று பிசகினால் அன்றைய வேலை பாழ். எல்லாம் சேர்ந்து ஒரு பெரிய அட்டவணையாகும். அதைக் கொண்டு கணினி, ஒவ்வொரு அளவிலும் வழி தப்பிய வெளிச்சத்தைக் கழித்துவிடும்.

பாதுகாப்புக் கண்ணாடி மூக்கில் தழும்பு போட்டது. ஆறாம் நாள் வீட்டுக்குப் போனவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் சாய்ந்தார். கணவர் சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்துவந்து ஒரு டம்ளர் தண்ணீர் நீட்டினார்.

"இன்னும் எத்தன நிறம் பாக்கி?"

"நாப்பத்தி மூணு."

"கடவுளே ஏழோட நிறுத்திட்டாரு. உனக்கு மட்டும் ஏன் இந்தப் பேராசை?"

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்கச் சக்தி வரவில்லை.

பத்தாம் நாள் அட்டவணை முடிந்தது. புற ஊதாவைத் தடுக்கும் அதே கண்ணாடியை ஹாலஜன் விளக்கின் முன்னால் மறுபடி வைத்துப் பார்த்தார். மூன்றில் ஒரு பங்காக இருந்தது நூற்றில் ஒன்றுக்கும் கீழே இறங்கியிருந்தது. பெட்டியை எடுத்துக்கொண்டு நேராக அந்த ஆஸ்பத்திரிக்குப் போய் விளக்கை அளந்தார். விளக்கு நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது. அதற்கு ஒரு குறையும் இல்லை.

வராந்தா பெஞ்சில், தோல் வெந்த நாலு பேரில் ஒருத்தியான ஒரு தையல்காரம்மா உட்கார்ந்திருந்தாள். இரண்டு முழங்கையிலும் தோல் உரிந்து சிவந்திருந்தது. துணி பட்டாலே எரிகிறது என்று மூன்று வாரமாக மிஷினில் உட்காரவில்லையாம். அக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"அந்த விளக்கு பலமில்லன்னு எழுதிக் குடுத்தது நான்தாம்மா. தப்பா அளந்துட்டேன்."

தையல்காரம்மா அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"அப்ப அந்த நர்ஸுப் பொண்ண நான் வாய்க்கு வந்தபடி திட்டினதெல்லாம்?"

"என்னைத் திட்டியிருக்கணும்."

"இப்பத் திட்ட எனக்குத் தெம்பில்ல. ஒரு வெரக்கட அளவு தப்பினாலே ஜாக்கெட்டு போச்சுன்னு என் கஸ்டமரு சண்டைக்கு வருவாங்க. நீங்களாவது வந்து சொன்னீங்க." முழங்கையைத் திருப்பிப் பார்த்தாள். "இது ஆறுமா?"

"ஆறிடும்னு டாக்டர் சொன்னாரு. அப்புறம் ரெண்டே நிமிஷம்தான் நிக்கணும். அத நானே அளந்துட்டேன்."

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். மன்னித்தாளா என்று அக்காவுக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை.

அன்று முதல், கண்ணாடிச் சோதனையில் வந்த அளவைக் குறிக்காத எந்தச் சான்றிதழிலும் அக்கா கையெழுத்துப் போடவில்லை. மேலாளரும் அவசரப்படுத்துவதை விட்டுவிட்டார். இரண்டு மாதம் கழித்து அவரே ஒரு அட்டைப்பெட்டியோடு வந்து வாசலில் தயங்கி நின்றார். அதே மாதிரி இன்னொரு கருவி. ஒன்றின் அட்டவணை இன்னொன்றுக்கு உதவாது. ஒவ்வொன்றும் தன் வழியில் சிதறும்.

"லேசருக்குச் சொல்லிட்டேன்மா. நாளைக்கு வந்துடும்."

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு, கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு புது நோட்டில் முதல் நிறத்தின் எண்ணை எழுதினார்.