நூல் கடித்த பல்

என் மனைவி நூலைப் பல்லால் கடித்து அறுப்பவள். தையல் மெஷின் மேலேயே கத்தரிக்கோல் கிடக்கும். ஆனாலும் ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்து முடித்ததும் குனிந்து, மேல்வரிசை முன்பல்லால் ஒரு கடி. "கத்தரிக்கோல் எதுக்கு இருக்கு, கண்காட்சிக்கா?" என்று நான் கத்தாத நாளில்லை. காதில் வாங்கினால்தானே! சிதம்பரத்தில் எங்கள் தெருப் பெண்களில் பாதிப் பேரின் ஜாக்கெட்டு அந்தப் பல்லைத் தாண்டித்தான் போயிருக்கிறது.

அந்தப் பல் உள்ளுக்குள் கெட்டுப்போனதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. கிராம்பை அடக்கிக்கொண்டு, இட்லியைக்கூட ரசத்தில் ஊறவைத்து விழுங்கியிருக்கிறாள். ஒரு காலையில் கன்னம் கண்ணுக்குக் கீழே வரை வீங்கிக் கிடந்ததும்தான் எனக்குத் தெரிந்தது. கோபம் வந்தது. இத்தனை நாள் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டவன் நான்தானே என்று நினைத்ததும் கோபம் போன இடம் தெரியவில்லை.

கடலூரில் என் ஆபீசுக்குப் பக்கத்திலேயே ஒரு பெண் பல் டாக்டர் இருக்கிறார். அன்றே கூட்டிப் போனேன். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "பல்லைப் புடுங்க வேணாம்மா. ரூட் கெனால் பண்ணிக் காப்பாத்திடலாம். உள்ள கெட்டுப்போன நரம்பை எடுத்து, சுத்தம் பண்ணி அடைச்சிடுவோம்."

நரம்பு என்ற வார்த்தை காதில் விழுந்ததும் என் மனைவி நாற்காலியை விட்டு இறங்கிவிட்டாள். "வீக்கத்துக்கு மாத்திரை மட்டும் குடுங்க டாக்டர், போறேன்" என்றாள்.

சிதம்பரம் பஸ்ஸில் ஆலப்பாக்கம் தாண்டும்வரை நான் திட்டிக்கொண்டே வந்தேன். அப்புறம்தான் வாய் திறந்தாள். பெண்ணாடத்தில் அவளுடைய பெரியம்மா மேல் பல்லைப் பிடுங்கிய வருஷமே பார்வையை இழந்தவர். மேல் பல் நரம்பும் கண் நரம்பும் ஒன்று என்பது அவர்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயமாம். அந்தப் பெரியம்மாவுக்குப் பல வருஷமாகச் சர்க்கரை இருந்ததை நான் சொன்னேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"பல்லு போனா பரவாயில்லைங்க. ஊசிக் காதுல நூல் கோக்குற கண்ணு இது. அது போயிட்டா நான் என்னா பண்ணுவேன்? சும்மா உக்காந்து சோறு தின்னவா?"

கல்யாணமான நாளிலிருந்து அவள் சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் நான் மட்டும் டாக்டரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "வீக்கம் குறைஞ்சதும் கூட்டிட்டு வாங்க சார், நானே அவுங்ககிட்ட பேசுறேன்" என்றார்.

பேசினார். ஒரு தாளில் பல்லை வரைந்து, அதன் வேருக்குள் ஓடும் மெல்லிய கோட்டைக் காட்டினார். "நாங்க எடுக்குறது இத மட்டும்தாம்மா. கண்ணு நரம்பு வேற, அது போற வழியே வேற. உண்மையில, இந்தப் பல்ல இப்படியே விட்டாத்தான் ஆபத்து. சீழ் ஜாஸ்தியாகி வீக்கம் கண்ணு வரைக்கும் ஏறிடும்." என் மனைவி அந்தக் கோட்டை வெகுநேரம் பார்த்தாள். பிறகு கைப்பையை மடியில் வைத்தபடியே நாற்காலியில் சாய்ந்தாள். பையை வாங்கிக்கொள்ள நான் கை நீட்டியும் தரவில்லை.

ஊசி போட்டபோது மட்டும் சுருக்கென்று காலை இழுத்தாள். அதன் பிறகு வலி எதுவும் தெரியவில்லையாம். முடித்துவிட்டு டாக்டர் ஒன்றுக்கு இரண்டு தடவையாகச் சொன்னார்: மரமரப்பு போகும்வரை எதையும் சாப்பிடக் கூடாது, உதட்டைக் கடித்துக்கொண்டாலும் தெரியாது. இப்போது வைத்திருப்பது தற்காலிக அடைப்புதான். வலி நின்றுவிட்டதென்று வராமல் இருந்துவிடக் கூடாது. முழுசாக அடைத்து, மேலே உறைபோலக் கேப் போட்டால்தான் பல் நிற்கும். "இன்னொண்ணு, இனிமே நூல் கடிக்காதீங்க." பல்லின் நுனியில் இருந்த சின்னப் பள்ளத்தைப் பார்த்தே கண்டுபிடித்திருக்கிறார்.

வெளியே பெஞ்சில் வந்து உட்கார்ந்ததும் என் கையை இறுக்கிப் பிடித்தாள். "என்னாங்க, கண்ணுக்குக் கீழ வரைக்கும் மரத்துப்போச்சு." அவள் முகம் வெளிறியிருந்தது. ஊசி மருந்தினால் அப்படி இருக்கும், இரண்டு மணி நேரத்தில் சரியாகிவிடும் என்று டாக்டர் முதலிலேயே சொன்னதுதான். நான் அதை மறுபடி சொன்னேன். என் பேச்சு அவளுக்கு எப்போது போதுமானதாக இருந்திருக்கிறது?

கைப்பையைத் திறந்தாள். உள்ளே ஊசியும் வெள்ளை நூல்கண்டும்! மரத்துப்போகாத பக்கத்துக் கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு, "இத நீங்க புடிங்க" என்று ஊசியை என்னிடம் கொடுத்தாள். விரல் நுனியில் நிமிர்த்திப் பிடித்தேன். நூல் ஒரே தடவையில் ஊசிக் காதுக்குள் போய் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தது.

என் சட்டையில் தொங்கிக்கொண்டிருந்த இரண்டாவது பட்டனைப் பிடித்தாள். உடம்பில் போட்டிருக்கும்போது துணியைத் தைக்கக் கூடாது என்று எத்தனையோ தடவை என்னைச் சட்டையைக் கழற்ற வைத்தவள், அன்று அத்தனை பேருக்கு நடுவில், ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு, என் மேலேயே தைத்தாள். முடிச்சுப் போட்டுவிட்டு, வழக்கம்போல நூலைக் கடிக்கக் குனிந்தாள். என் நெஞ்சுக்கு ஒரு விரற்கடை தூரத்தில் அப்படியே நின்றாள்.

"கத்தரிக்கோல் இருந்தாக் கேட்டு வாங்கிட்டு வாங்க" என்றாள், கோணிய உதட்டோடு.

நெஞ்சில் ஊசி தொங்க, எழுந்து போனேன். டாக்டர் அறை எந்தப் பக்கம் என்று எனக்குத்தான் கண் தெரியவில்லை.