வெள்ளைத்துணியில் ஒட்டாத மஞ்சள்

ஊரில் அவளுக்கு வெள்ளைத்துணி என்றுதான் பெயர். கோதுமை வயல்களில் துரு நோய் இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பது வேலை. சந்தேகப்பட்ட இலையை வெள்ளைத்துணியில் தேய்ப்பாள். மஞ்சள் பொடி ஒட்டினால் போச்சு. அவள் பைக் சத்தம் கேட்டாலே விவசாயிகள் மெல்ல நழுவுவார்கள். பல் டாக்டருக்குக்கூட இதைவிட நல்ல வரவேற்பு கிடைக்கும்.

நோய் கண்ட வயலைவிட்டு வந்தால், உடை மாற்றாமல் அடுத்த வயலில் கால் வைக்கக் கூடாது. பொடி உடையோடு கூடவே வந்துவிடும். இதை எல்லோருக்கும் படித்துப் படித்துச் சொல்பவளும் அவள்தான்.

அன்று தம்பி வயலுக்கு ஓடினாள். துணிக்கு வேலையே இல்லை. குனிந்தபோதே முழங்கையெல்லாம் மஞ்சள். தம்பி மண்வெட்டியோடு நின்றான்.

"பக்கத்து வயல்காரன் வேலைதான் அக்கா இது! அவன் பயிர்ல வந்ததை மூடி மறைச்சிருக்கான். இன்னிக்கு அவனா நானான்னு பாத்துடறேன்."

"இருடா, அவசரப்படாதே."

பக்கத்து வயலிலிருந்து காற்றில் வந்திருந்தால் அங்கங்கே திட்டாக விழுந்திருக்கும். இதுவோ ரோட்டிலிருந்து தம்பி வீட்டுப் பின்கதவுவரை ஒரே கோடாகப் போயிருந்தது. கொஞ்ச நாள் முன்பு தம்பி மகளுக்குக் காய்ச்சல் என்று கேட்டதும், நோய் கண்ட வயலிலிருந்து போட்டது போட்டபடி ஓடிவந்து, சுற்றிப் போகப் பொறுமையில்லாமல் பயிருக்குள் குறுக்கே புகுந்தவள் அவள்தான்.

வாயைத் திறக்காவிட்டால் ஒரு பயலுக்கும் தெரியாது. திறந்தால் ஊரெல்லாம் சிரிக்கும், வேலையும் போகலாம். ஆனால் தம்பி வேலிமேல் காலைத் தூக்கிவிட்டான். அந்தப் பக்கம் பக்கத்து வயல்காரர் வெறுங்கையோடு நின்றிருந்தார்.

"நில்லுடா! அவர் இல்ல, நான்தான்!"

தம்பி திரும்பினான்.

"இந்தக் கோட்டைப் பாரு. பாப்பாவுக்குக் காய்ச்சல்னு இந்த வழியாத்தான் ஓடி வந்தேன். துணிகூட மாத்தல."

அவன் கோட்டைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். காலை இறக்கினான். மண்வெட்டியைக் கீழே வைத்தான். நாலு திட்டு திட்டியிருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

மேல் இலைகள் இன்னும் பச்சையாகத்தான் இருந்தன. இன்றைக்கே மருந்தடித்தால் கதிர் பிழைக்கும். மருந்தடிக்கும் இயந்திரமோ பக்கத்து வயல்காரரிடம்தான் இருந்தது. அதைக் கேட்க அவள் விறுவிறுவென்று வேலியை நோக்கி நடந்தாள்.

"அக்கா."

நின்றாள்.

"அவர் வயல்ல இன்னும் நோய் வரல. உள்ள போய் துணியை மாத்திக்கிட்டுப் போ."