கயிற்றைக் கொடு, கிளாஸை எடு

உகெத் துஷேனுக்குக் குடி என்றாலே ஆகாது என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். அடுப்பு வேலை முடிந்ததும் தினமும் சாயங்காலம் ஒரு கிளாஸ் கரிபு குடிப்பாள். சிவப்பு ஒயினில் விஸ்கியும் மேப்பிள் பாகும் கலந்து சூடாக்கியது. எங்கள் பக்கத்தில் அதை அவளைப் போலக் கலக்க ஆளில்லை. புருஷன் குடித்தே செத்தான், அதனால்தான் இப்படி ஆனாள் என்று வெளியூர்க்காரர்கள் கதை கட்டுவார்கள். புருஷன் எமில் குத்துக்கல்லாட்டம் இருக்கிறான். குளிர் ஒத்துக்கொள்ளாது என்று வீட்டில் கம்பளிக் காலுறையோடு உட்கார்ந்து ஹாக்கி பார்க்கிறான்.

பனிமேல் பைக் மாதிரி ஓட்டுகிற பனிவண்டிகளுக்கான எங்கள் கிளப்பின் வீடு சேன்-ஜான் ஏரிக்கு வடக்கே, இரண்டு காட்டுப் பாதைகள் சேருகிற இடத்தில் இருக்கிறது. அந்தப் பாதைகளைச் சமன் செய்கிற பெரிய இயந்திரத்தை ஓட்டுவது நான். வாரமெல்லாம் நான் மெத்தை மாதிரிப் பரப்பி வைக்கிற பனியைச் சனிக்கிழமை ஒரே நாளில் உழுது போட்டுவிட்டு, "பாதை சரியில்லையேப்பா" என்று என்னிடமே வந்து சொல்கிற ரகம் எங்கள் ஆட்கள். சனிக்கிழமைச் சுற்று என்றால் வழியில் இருக்கிற ஒவ்வொரு கிளப் வீட்டிலும் வண்டியை நிறுத்தி ஆளுக்கொரு கிளாஸ் போட்டாக வேண்டும். எங்களுடையதுதான் கடைசி நிறுத்தம். வந்து சேரும்போதே பாதிப்பேருக்குக் கண் சிவந்திருக்கும்.

அந்த வீட்டின் அடுப்படியும் கவுண்டரும் உகெத்தின் ராஜ்யம். பட்டாணி சூப், பன்றிக் கொழுப்பு போட்ட பீன்ஸ், இறைச்சி வைத்துச் சுட்ட மாவுப் பண்டம் எல்லாம் அவள் கைதான். யாருக்கு வெங்காயம் ஆகாது, யாருக்கு டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார் என்பதெல்லாம் அவளுக்குத்தான் தெரியும், அவர்களுடைய மனைவிமாருக்குக்கூடத் தெரியாது. தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று நிற்பவள். ஆனால் அவள் வைக்கிற முயல் குழம்பைச் சாப்பிட்டவன் எவனும் காலை எண்ணுவதில்லை.

லூசியன் செத்த வாரத்தில்தான் எல்லாம் மாறியது. லூசியன் மரம் அறுக்கும் மில்லில் வேலை செய்தவன், நல்ல பாட்டுக்காரன். அந்தச் சனிக்கிழமை எங்கள் கிளப் வீட்டில் கடைசி கிளாஸைக் குடித்துவிட்டு, எல்லோருக்கும் கையசைத்துவிட்டுக் கிளம்பினான். கொஞ்ச நேரத்தில் அவன் மனைவி போன் செய்தாள். எடுத்தது உகெத்.

"அவர் கிளம்பிட்டாராக்கா?"

"கிளம்பிட்டார்மா. சந்தோஷமாத்தான் போனார்."

மறுநாள் காலை பாதையைச் சமன் செய்யப் போன நான்தான் அவனைப் பார்த்தேன். வளைவில் ஒரு ஸ்ப்ரூஸ் மரத்தடியில் கிடந்தான். அதைப் பற்றி மேலே எழுத எனக்கு மனசில்லை.

பனிவண்டி ஓட்டுகிற எல்லோரிடமும் ஒரு சுருள் கயிறு உண்டு. ஒரு முனை சட்டையில், மறுமுனை வண்டியில். ஆள் தூக்கி எறியப்பட்டால் கயிறு பிடுங்கிக்கொண்டு இன்ஜின் நின்றுவிடும். கயிறு இல்லாமல் வண்டி கிளம்பவே கிளம்பாது. லூசியனைப் புதைத்த அடுத்த சனிக்கிழமை, உகெத் தன் வீட்டிலிருந்து ஒரு பெரிய மூஸ் மான் கொம்பைக் கொண்டுவந்து கவுண்டருக்கு மேலே அடித்திருந்தாள். முதலில் மாட்டிக்கொண்டவன் மர லாரி ஓட்டுகிற ஒவிலா.

"உகெத்தக்கா, ஒரு கரிபு."

"கயிறு."

"என்ன கயிறு?"

"உன் வண்டிக் கயிறு. கயித்தைக் கொடு, கிளாஸை எடு. குடிச்சவன் இன்னிக்கு வண்டி ஓட்டக் கூடாது. மேல கட்டில் இருக்கு, படு. இல்ல, குடிக்காதவன் பின்னால உக்காந்து போ. காலையில காபி குடிச்சிட்டுக் கயித்தை வாங்கிக்கோ."

"ஒரே ஒரு கிளாஸ்தானேக்கா?"

"நானும் ஒரே ஒரு கயிறுதானே கேக்கறேன்."

"எங்களுக்கென்ன கடிவாளமா போடறே? நாங்க என்ன குதிரையா?"

"குதிரைக்கு வீட்டுக்குப் போற வழி தெரியும்டா."

எல்லோரும் சிரித்தார்கள், ஒவிலா உட்பட. ஆனால் கயிற்றைக் கொடுக்கவில்லை. அவளும் ஊற்றவில்லை. அவன் சூப்பை மட்டும் குடித்துவிட்டு, கதவை உடைக்கிற மாதிரி சாத்திவிட்டுப் போனான்.

அந்தக் குளிர்காலம் முழுக்க அவளிடம் அழுதார்கள், கெஞ்சினார்கள், திட்டினார்கள். அடுத்த வாரம் சத்தியமாகத் தருகிறேன், இன்றைக்கு மட்டும் விட்டுவிடு என்றார்கள். குடிகாரன் பேச்சு விடிஞ்சாப் போச்சு என்பது அவளுக்கா தெரியாது? ஒரு சொட்டு இறங்கவில்லை. கடைசியில் ஆட்கள்தான் இறங்கி வந்தார்கள். ஒவ்வொரு கோஷ்டியிலும் இன்றைக்கு யார் குடிக்காமல் ஓட்டுவது என்று சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். மாடிக் கட்டில்களில் குறட்டை கேட்டது. மூஸ் கொம்பில் கலர் கலராகக் கயிறுகள் தொங்கின. மற்ற கிளப்புக்காரர்கள் எங்களைக் 'கயிற்றுக் கிளப்' என்று கேலி செய்தார்கள். சிலர் வருவதையே நிறுத்தினார்கள்.

அது உறுத்தியது மார்செலினுக்கு. மார்செலின் எங்கள் கிளப் தலைவர். டவுனில் பனிவண்டி விற்கிற கடை வைத்திருப்பவர். கெட்டவர் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். கிளப் வீட்டுக் கூரையில் பாதி மரம் அவர் கொடுத்தது. உகெத்தும் அவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். ஊரில் அவரை 'டா' போடுகிற ஒரே ஆள் அவள்.

ஒரு பிப்ரவரிச் சனிக்கிழமை, மான்ட்ரியாலிலிருந்து பெரிய மனிதர்கள் சிலரைச் சுற்றுக்குக் கூட்டி வந்தார். புது உடுப்பு, புது ஹெல்மெட், எல்லாம் பளபளவென்று. அவர்களுக்கு முன்னால் கவுண்டரைத் தட்டினார்.

"உகெத், எல்லாருக்கும் கரிபு."

"கயிறு."

"விளையாடாதே. விருந்தாளிங்க."

"விருந்தாளிக்கும் தலை ஒண்ணுதானே இருக்கு?"

"நான் இந்தக் கிளப்போட தலைவர்."

"அப்போ முதல் கயிறு உன்னோடது."

மார்செலினின் காது சிவந்தது. "காசு கொடுக்கிற வாடிக்கையாளனாக் கேக்கறேன். ஊத்து."

"ஊத்த மாட்டேன்டா."

அவர் கவுண்டருக்குப் பின்னால் நுழைந்து தானே எல்லோருக்கும் ஊற்றினார். அவள் தடுக்கவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனாள். எங்கள் காட்டில் வண்டிச் சாவியை எவனும் உள்ளே எடுத்துக்கொண்டு வருவதில்லை, கயிறும் கைப்பிடியில்தான் தொங்கும். ஜன்னலோரம் சூப் சாப்பிட்டுக்கொண்டிருந்த நான் பார்த்தேன். வரிசையாக நின்ற வண்டிகளின் பக்கமாக நடந்து, கத்தரிக்காய் பறிக்கிற மாதிரி ஒவ்வொரு கயிற்றையும் பிடுங்கினாள். உள்ளே வந்தாள். மொத்தத்தையும் பட்டாணி சூப் பானையில் போட்டு மூடியைப் போட்டாள். நான் இரண்டாம் தடவை சூப் வாங்கலாம் என்று இருந்தேன்.

"கொதிக்குது. வேணுங்கறவன் கையை விட்டு எடுத்துக்கலாம்."

விருந்தாளிகளில் ஒருவர் விழுந்து விழுந்து சிரித்தார். அது மார்செலினுக்கு இன்னும் கோபமூட்டியது.

"உன்னை வேலையை விட்டுத் தூக்கறேன்."

"தூக்கு. பொதுக்கூட்டத்துல தூக்கு. இன்னிக்கு மட்டும் மேல போய்ப் படு."

"உனக்கு யாரு இந்த அதிகாரம் கொடுத்தது?"

"யாரும் கொடுக்கலை. லூசியன் குடிச்ச கடைசி கிளாஸை இந்தக் கைதான் கொடுத்தது. நீ கல்லாவைப் பாத்துக்கறே, நான் கிளாஸை நிரப்பறேன், வீட்டுல இருக்கிறவ போன் பண்றா. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நீ அந்தப் போனை எடுத்துப் பாரு மார்செலின். அப்புறம் வந்து அதிகாரம் பேசு."

 அன்று எல்லோரும் மாடியில்தான் படுத்தார்கள். காலையில் கயிறுகளைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துக் கொடுத்தாள்.

வசந்தத்தில் சர்ச் ஹாலில் கிளப்பின் பொதுக்கூட்டம். மார்செலின் நன்றாகப் பேசக்கூடியவர். ஆட்கள் வருவது குறைகிறது, பக்கத்துக் கிளப்புகள் சிரிக்கின்றன, "நாம நடத்தறது கிளப்பா, கன்னியாஸ்திரீ மடமா?" என்று கேட்டார். கைதட்டல். பிறகு உகெத்தைப் பார்த்துத் தணிந்த குரலில் சொன்னார்.

"கொம்பை மட்டும் கழட்டிடு. அடுப்பும் கரண்டியும் எப்பவும் உன்னோடது. யாரும் உன்னைப் போகச் சொல்லலை."

அந்த அடுப்படிதான் அவள் வாழ்க்கை. வீட்டில் எமிலோடும் ஹாக்கியோடும் அடைந்து கிடக்க அவளால் முடியாது என்பது ஹாலில் இருந்த எல்லோருக்கும் தெரியும். தலையை ஆட்டியிருந்தால் போதும். எழுந்து நின்றாள்.

"கரண்டியையும் நீயே வச்சுக்கோ. கயிறு வாங்காம ஒருத்தனுக்கும் ஊத்த மாட்டேன். எண்ணுங்க கையை."

எண்ணினார்கள். நான் அவளுக்காகக் கை தூக்கினேன், ஒவிலாவும் தூக்கினான். போதவில்லை. சில கைகள் வித்தியாசத்தில் தோற்றாள். அவள் சூப்பைக் குடித்தே வளர்ந்தவர்கள் கையைத் தூக்கிவிட்டுத் தரையைப் பார்த்தார்கள்.  அவள் அழவில்லை, யாரையும் திட்டவில்லை. நேராகக் கிளப் வீட்டுக்குப் போய்க் கொம்பைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு வெளியேறினாள்.

அடுத்த குளிர்காலம் வந்தது. அடுப்படிக்கு ஆள் நிலைக்கவில்லை. ஒருத்தி வந்தாள், குளிர் என்று ஓடினாள். ஒருவன் வந்தான், சூப்பைக் கரியாக்கினான். கடைசியில் சனிக்கிழமைகளில் மார்செலினே ஏப்ரன் கட்டிக்கொண்டு கவுண்டரில் நின்றார். கயிறு கேட்காமல் ஊற்றினார். கூட்டம் திரும்பி வந்தது. சுற்றும் பழையபடி நடந்தது, பாதையும் பழையபடி நாசமானது. லூசியன் கிடந்த அந்த வளைவைத் தாண்டும்போதெல்லாம் நான் மார்செலினைச் சபித்துக்கொண்டே போவேன்.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை மத்தியானம், எமிலின் பழைய பனிவண்டி கடகடவென்று வந்து நின்றது. எமில்தான் அதிசயமாகக் கிளம்பிவிட்டானோ என்று எட்டிப் பார்த்தேன். ஹெல்மெட்டைக் கழற்றியது உகெத். உள்ளே வந்தாள்.  கவுண்டர் முன்னால் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சட்டையில் மாட்டியிருந்த கயிற்றைக் கழற்றி மார்செலினின் முன்னால் வைத்தாள்.

"ஒரு கரிபு ஊத்து."

"இங்க இப்போ அந்த வழக்கம் இல்லை உகெத்."

"உங்க வழக்கத்தை நான் கேக்கலை. நான் குடிக்கப் போறேன். என் கயிறு உன்கிட்ட இருக்கட்டும், காலையில கொடு."

அவர் ஊற்றினார். கயிற்றை எங்கே வைப்பது என்று தெரியாமல் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுக் கையிலேயே வைத்துக்கொண்டார். அவள் ஒரு வாய் குடித்து, "பாகு ஜாஸ்தி" என்றாள். ஆனாலும் காலி செய்தாள். இன்னொன்று வாங்கினாள், அதற்கப்புறம் இன்னொன்று. ஒவிலாவை இழுத்து வைத்து ஆடினாள். லூசியன் பாடுகிற பாட்டொன்றைத் தப்பும் தவறுமாகப் பாடினாள். நடிக்கிறாளோ என்று முதலில் எனக்குச் சந்தேகம். இல்லை, நிஜமாகவே ஏறியிருந்தது. அவளை அப்படி நான் பார்த்ததே இல்லை.

இருட்டத் தொடங்கியபோது கவுண்டருக்கு வந்து உள்ளங்கையை நீட்டினாள்.

"கயித்தைக் கொடு. வீட்டுக்குப் போறேன்."

"காலையிலன்னு நீதானே சொன்னே?" என்றார் மார்செலின்.

"அப்போ சொன்னது அப்போ. இப்போ கேக்கறேன். நான் காசு கொடுத்த வாடிக்கைக்காரி. இங்க வழக்கம் இல்லேன்னு நீதான் சொன்னே. கொடு."

கிளாஸைத் தூக்கினவன் தூக்கினபடி இருந்தான். கொடுத்துவிட்டால் மார்செலின் ஜெயித்தார். சர்ச் ஹாலில் சொன்னது, கை தூக்க வைத்தது எல்லாம் சரி என்றாகும். அவள் போய்விடுவாள், அந்த வளைவு வழியாக, இந்த நிலையில். அவர் ஜன்னலைப் பார்த்தார். அவள் கையைப் பார்த்தார். தன் கையிலிருந்த கயிற்றைப் பார்த்தார்.

"கொடுடா," என்றாள் உகெத்.

"தர மாட்டேன்."

"நான் போனா உனக்கென்ன? இருந்தா உனக்கென்ன?"

"ஊத்தினது நான்," என்றார் மார்செலின். யாருக்கும் கேட்காத மாதிரி முனகினார்.

உகெத் நீட்டிய கையை மடக்கவில்லை. ஆடிக்கொண்டே நிமிர்ந்து நின்றாள்.

"சத்தமாச் சொல்லுடா. பின்னால உக்காந்திருக்கிறவனுக்குக் கேக்கலை."