மூன்று வாசலும் ஒரு படமும்

எங்கள் ஊர்ப் பெருமாளை முழுசாகப் பார்க்க முடியாது. அவ்வளவு நீளமாகப் படுத்திருக்கிறார். முதல் வாசலில் முகம், நடு வாசலில் தொப்புளிலிருந்து எழும் தாமரை, மூன்றாவதில் பாதம். முழுசாக வேண்டுமென்றால் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் படம்தான். கல்யாணமாகிக் கரமனைக்கு வந்த நாளிலிருந்து அந்த முகத்துக்குத்தான் விளக்கேற்றுகிறேன். ரோஸ் கன்னம், பாதி மூடிய கண்.

கோயிலில் அந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை. நாலு பேர் நடுவில் நிமிர்ந்து பார்க்கக் கூச்சம். பாதம் மட்டும் நன்றாகத் தெரியும்.

போன வருஷம் கண்ணில் ஆபரேஷன் என்றார்கள். ஒரு கண் முன்பே போய்விட்டது. மற்றதற்கும் டாக்டர் உறுதி சொல்லவில்லை. அதற்குள் ஒரு தடவை முகத்தைப் பார்த்துவிட வேண்டுமென்று, நாத்தனாரைக் கூட்டிக்கொண்டு கிழக்கேகோட்டைக் கோயிலுக்கு பஸ் ஏறினேன்.

வரிசை நகர்ந்து முதல் வாசல் வந்தது. எண்ணெய் வாசனை, துளசி வாசனை. இருட்டுக்குள் பொன்னாக ஏதோ அசைந்தது. கை குவிந்தது. உடனே படத்து முகம் எதிரில் வந்து நின்றது. எவ்வளவு நேரமோ, தெரியவில்லை.

"மன்னி! கண்ணைத் தொறங்கோ!" நாத்தனார் இடுப்பில் குத்தினாள். திறந்தால் நடு வாசல். தாமரை.

வெளியே வந்ததும் அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "பஸ் பிடிச்சு வந்து கண்ணை மூடிண்டு நின்னேளே! ஆத்திலேயே மூடிண்டிருக்கலாமே!"

"கை கூப்பினா கண்ணு தானா மூடிக்கறது. நான் என்ன பண்ணட்டும்?"

"இன்னொருக்கா நிப்போம். நான் கையைப் பிடிச்சுக்கறேன்."

அதற்குள் நடை சாத்திவிட்டார்கள்.

பஸ்ஸில் ஒரு நினைப்பு வந்தது. அந்தப் படத்தை வரைந்தவரும் மூன்று வாசல் வழியாகத்தானே பார்த்திருப்பார்? நடுவில் சுவர் மறைத்த இடத்தையெல்லாம் அவரும் கண்ணை மூடித்தானே பார்த்திருக்க வேண்டும்.

ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து விட வந்த நர்ஸ், "கண்ணு அடைக்கல்லே அம்மே" என்று கெஞ்சினாள். கண்ணை மூடாமல் இருப்பதுதான் எனக்கு வராதே.

கட்டுப் போட்ட பிறகு, வாசலும் இல்லை, சுவரும் இல்லை. பெருமாள் தலையிலிருந்து கால்வரை படுத்திருந்தார். நான் பக்கத்திலேயே இருந்தேன், யாரும் நகரச் சொல்லவில்லை.

கண் பிழைத்தது. "இப்போ போலாமா மன்னி?" என்று நாத்தனார் வாராவாரம் கேட்கிறாள். கொஞ்ச நாள் போகட்டும் என்கிறேன். அங்கே இருக்கும் முகம் வேறாக இருந்துவிட்டால், சாயங்காலம் விளக்கேற்றும்போது இந்த முகத்திடம் நான் என்ன சொல்வேன்?